தண்டிக்கும் அதிகாரம் யார் கையில்? இந்திய இராணுவ நீதிக்கு முன் உள்ள மூன்று வழிகள்

ஒரு ஜவான் மேல் புகார் வருகிறது. அதை முதலில் கேட்பவர் அவருடைய கமாண்டிங் ஆபீசர், படையில் எல்லோரும் சொல்கிறபடி சி.ஓ. சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதி வாங்கச் சொல்பவரும் அதே சி.ஓ.தான். வழக்கை நடத்துவதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்பவரும் அவர்தான். கடைசியில் சம்மரி கோர்ட் மார்ஷல் (சுருக்க இராணுவ நீதிமன்றம்) என்ற பெயரில் நீதிபதியாக உட்காருபவரும் அவரே. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 116ஆவது பிரிவு இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: அந்த நீதிமன்றம் என்பது அவர் ஒருவர்தான். கூடவே இரண்டு அதிகாரிகளோ ஜே.சி.ஓ.க்களோ (ஜவானுக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவியில் இருப்பவர்கள்) இருக்க வேண்டும், ஆனால் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. ஜவான் ஒரு வக்கீலைக் கூட்டி வரலாம். அந்த வக்கீல் பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்லலாமே தவிர, எழுந்து வாதாடவோ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது. சி.ஓ. லெப்டினன்ட் கர்னலாகவோ அதற்கு மேற்பட்டவராகவோ இருந்தால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம், வேலையை விட்டே நீக்கலாம். பொதுவாக மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை, உடனே நிறைவேற்றலாம்.

பணிநீக்கம் என்பது வெறும் வேலை இழப்பு இல்லை. அப்படி நீக்கப்பட்டவருக்கு அதுவரை செய்த சேவைக்கான பென்ஷன் உரிமையும் போய்விடுகிறது, குடியரசுத் தலைவர் தனிச் சலுகையாகக் கொடுத்தால்தான் உண்டு. 14 ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு நாயக் ஒரே விசாரணையில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறலாம்.

இந்த அதிகாரத்தை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு உலகில் மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன. முதல் வழியில் அதிகாரம் சி.ஓ.விடமே இருக்கும், தவறு நடந்தால் பிறகு ஒரு தீர்ப்பாயம் திருத்தும். நாம் இப்போது நிற்பது இங்கேதான். இரண்டாவது, வழக்குத் தொடரும் முடிவைக் கமாண்டரிடமிருந்து எடுத்துத் தனி வழக்குரைஞரிடம் கொடுப்பது. பிரிட்டனும் அமெரிக்காவும் அந்தப் பக்கம் போயின. மூன்றாவது, குற்றம் என்றால் நேராகப் பொது நீதிமன்றம், ஒழுங்கு மீறல் என்றால் சி.ஓ., ஆனால் ஆளை அடைப்பதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு நீதிபதியின் கையெழுத்து. இது ஜெர்மனியின் வழி.

இவற்றை ஒப்பிடும்போது நான் முக்கியமாகப் பார்ப்பது, கண்காணிப்பு எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதைத்தான். தண்டனை நிறைவேறுவதற்கு முன்பா, பின்பா? இந்தக் கேள்வியை மறந்துவிட்டு எந்த அமைப்பு நல்லது என்று பேசுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன்.

முதலில், சி.ஓ.வின் பக்கம் இருக்கும் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். அதை லேசாகத் தள்ளிவிடுபவர்கள் படையைப் பற்றி அறியாதவர்கள். பனிமலைமேல் ஒரு காவல் நிலையில் இரவுக் காவலில் இருப்பவர் தூங்கிவிட்டால் கூட இருக்கும் அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து. அதற்கான தண்டனை ஆறு மாதம் கழித்து ஒரு நகரத்து நீதிமன்றத்திலிருந்து வந்தால் அதற்குப் பொருளில்லை. அப்புறம், நல்ல சி.ஓ. தன் ஆட்களை அறிந்தவர். யார் வீட்டில் நோய், யாருக்கு நிலத் தகராறு, யார் லீவு கிடைக்காமல் மனம் உடைந்து இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லீவு முடிந்து நான்கு நாள் தாமதமாக வந்தவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லி விட்டுவிடுவதும் அவர் அதிகாரம்தான். குடும்பத்துப் பெரியவர் போல அவர் விட்டுக்கொடுக்கும் இந்த இடத்தை எழுத்தும் மனுவுமாக மாற்றினால், சின்னத் தப்பெல்லாம் பெரிய வழக்காகிவிடும். அதனால் கூடுதல் டூட்டி, லைன்களை விட்டு வெளியே போகத் தடை, கண்டிப்பு போன்ற சிறு தண்டனைகள் சி.ஓ.விடமே இருக்கட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே பெரியவர் மேலேயே புகார் இருக்கும்போது. 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரஞ்சித் தாக்கூர் வழக்கு இதற்குச் சான்று. ஒரு சிக்னல்மேன் தன் கமாண்டிங் ஆபீசர் தன்னை மோசமாக நடத்துவதாக மேலதிகாரிக்கு எழுதினார். அப்படி எழுதியதற்கே 28 நாள் தண்டனை கிடைத்தது. அதை அனுபவித்துக்கொண்டிருக்கும்போது, சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று இன்னொரு குற்றச்சாட்டு. மறுநாளே சம்மரி கோர்ட் மார்ஷல். அதில் உட்கார்ந்தவர், அவர் யார் மேல் புகார் எழுதினாரோ அந்த அதிகாரி. தீர்ப்பு ஓராண்டுக் கடுங்காவல், பணிநீக்கம். சாப்பாடு மறுத்ததற்கு! இந்த விசாரணை ஒருதலைச் சார்புடையது, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு மிகையானது என்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. நீதி கிடைத்தது உண்மை. ஆனால் 1985 மே மாதம் நடந்ததற்கு 1987 அக்டோபரில் கிடைத்தது. அதுவும் டெல்லி வரை போக முடிந்த ஒருவருக்கு.

சி.ஓ.வுக்கு எதிரான குற்றத்தைச் சி.ஓ.வே விசாரிக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு தடை இருக்கிறதே என்று கேட்கலாம். 120ஆவது பிரிவில் இருக்கிறது. சில குற்றங்களையும், தனக்கு எதிரான குற்றத்தையும் மேலதிகாரியைக் கேட்காமல் விசாரிக்கக் கூடாது என்கிறது. ஆனால் உடனடி நடவடிக்கை தேவைப்படும் கடுமையான காரணம் இருந்தால் கேட்க வேண்டாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கடுமையான காரணம் இருக்கிறதா என்பதை யார் முடிவு செய்வது? சி.ஓ.தான். 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் இறுக்கியது. சம்மரி கோர்ட் மார்ஷல் என்பது விதிவிலக்காக இருக்க வேண்டும், உடனே நடத்த வேண்டிய அவசரம் என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த அவசரம் உண்மையா என்று பார்க்க வெளியாள் யாரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

இங்கே ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். இராணுவச் சட்டம் நான்கு வகைக் கோர்ட் மார்ஷலைச் சொல்கிறது: ஜெனரல், டிஸ்ட்ரிக்ட், சம்மரி ஜெனரல், சம்மரி. அதே 1950இல் வந்த விமானப்படைச் சட்டத்தில் முதல் மூன்றுதான். ஒரே ஆள் நீதிமன்றம் அங்கே கிடையாது. விமானப்படையில் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தரைப்படையில் மட்டும் ஏன் இது தேவைப்படுகிறது? 1911ஆம் ஆண்டு இந்திய இராணுவச் சட்டத்தில், வெள்ளைக்கார அதிகாரியும் இந்தியச் சிப்பாயும் இருந்த படையில் இது இருந்தது, அப்படியே தொடர்கிறது. இன்றும் இந்த நீதிமன்றத்தின் முன் நிற்பவர்கள் ஜவான்களும், நாயக், ஹவில்தார் போன்ற என்.சி.ஓ.க்களும் மட்டும்தான். அதிகாரியையோ ஜே.சி.ஓ.வையோ இதில் விசாரிக்க முடியாது.

சரி, பிறகு வரும் திருத்தம் எப்படி வேலை செய்கிறது? 1982இல் பிருதி பால் சிங் பேடி வழக்கில், கோர்ட் மார்ஷல் தீர்ப்பின் சாட்சியங்களை மறுபடி எடைபோட ஒரு மேல்முறையீடுகூட இல்லையே என்று உச்ச நீதிமன்றம் வருந்தியது. 1999இல் சட்ட ஆணையத்தின் 169ஆவது அறிக்கை வந்தது. 2007இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2009இல் தீர்ப்பாயம். வருத்தம் தெரிவித்த நாளிலிருந்து 27 ஆண்டுகள். சென்னையிலும் ஓர் அமர்வு இருக்கிறது. தமிழ்நாட்டு முன்னாள் வீரர்கள் பென்ஷன் வழக்குகளுக்காக அதிகம் ஏறி இறங்கும் இடம் அது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் ஓய்வுபெற்ற உயர்நிலை அதிகாரி ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். பல ஜவான்களுக்கு அது உண்மையிலேயே வாழ்வு கொடுத்திருக்கிறது, அதை மறுக்கக் கூடாது.

ஆனால் அதன் வேலியைப் பாருங்கள். எந்தச் சம்மரி கோர்ட் மார்ஷல் தண்டனை பணிநீக்கமாகவோ, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையாகவோ இருக்கிறதோ, அது மட்டும்தான் அந்தச் சட்டம் சொல்லும் பணி விவகாரத்துக்குள் வரும். 89 நாள் சிறை என்றால் வராது. இராணுவச் சட்டத்தின் 80ஆவது பிரிவின் கீழ் சி.ஓ. கோர்ட் மார்ஷல் எதுவும் இல்லாமலேயே 28 நாள் வரை இராணுவக் காவலில் அடைக்கலாம். தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் ஜவானை, சி.ஓ. விசாரிக்கும் ஆர்டர்லி ரூமுக்குள் நடத்திக் கொண்டுவந்து நிறுத்தி, சில நிமிடங்களில் முடிந்துவிடும் விசாரணை அது. அதுவும் வராது. இடமாற்றமும் லீவும்கூட வராது. பழிவாங்க நினைக்கும் ஒருவர் முதலில் கை வைக்கும் இரண்டும் இவைதான் என்பது படையில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். அதோடு தீர்ப்பாயம் இயங்குவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். வழக்கில் எதிர்த்தரப்பும் அதே அமைச்சகம். உறுப்பினர் இடங்கள் காலியாகக் கிடந்து சில அமர்வுகள் முடங்கிய காலமும் உண்டு. தீர்ப்பாயத்துக்கு மேல் உயர் நீதிமன்றம் போகலாமா என்ற கேள்வி 2015இல் ஒரு தீர்ப்பால் கிட்டத்தட்ட மூடப்பட்டு, 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில்தான் மறுபடி திறந்தது.

சிறு தண்டனைதானே, மேல்முறையீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ‘சிவப்பு மை’ பற்றிச் சொல்ல வேண்டும். தண்டனைகளில் சில, ஆளின் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். அப்படி நான்கு ஏறினால் அவர் படைக்கு வேண்டாதவர் என்று வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில், நான்கு பதிவு ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் அனுப்ப முடியாது, விசாரித்து, அவர் எவ்வளவு காலம் எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, யாரும் பார்க்காத நான்கு சிறு அறைகளில் ஒரு ஜவானின் வாழ்க்கை முடிந்துபோகக் கூடும். கடைசி உத்தரவைத்தான் தீர்ப்பாயம் பார்க்கிறது. அதைக் கட்டி எழுப்பிய நான்கு செங்கல்களையும் அந்தந்த நேரத்தில் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது வழிக்கு வருவோம். பிரிட்டன் இந்த வழிக்குத் தானாக வந்துவிடவில்லை. 1997இல் ஃபின்ட்லே வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. கோர்ட் மார்ஷலைக் கூட்டும் அதிகாரியே குற்றச்சாட்டைத் தீர்மானித்து, தனக்குக் கீழே உள்ளவர்களையே உறுப்பினர்களாக நியமித்து, முடிவில் தண்டனையையும் உறுதி செய்தால் அது சுதந்திரமான நீதிமன்றம் ஆகாது என்றது அந்தத் தீர்ப்பு. வரிசையாக மாற்றங்கள் வந்தன. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று படைகளுக்கும் ஒரே வழக்குத் தொடுப்பு இயக்குநர் வந்தார். கடுமையான குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் சி.ஓ. அதை அமுக்கி வைக்க முடியாது, இராணுவ போலீசுக்குத் தெரிய வைத்தே ஆக வேண்டும். போலீஸ் கோப்பு சி.ஓ.வைத் தாண்டி நேராக அந்த இயக்குநருக்குப் போகும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது சிறு தண்டனையில் அவர்கள் செய்த மாற்றம். பிரிட்டனிலும் சி.ஓ. 28 நாள் வரை அடைக்கலாம், மேலிட அனுமதியோடு 90 நாள்கூட. ஆனால் ஜவான், "எனக்கு உங்கள் விசாரணை வேண்டாம், கோர்ட் மார்ஷலில் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்பே சொல்லலாம். தண்டனை கொடுத்த பிறகும் நீதித்துறை அறிந்தவர் தலைமையிலான சம்மரி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அவராக விரும்பினால் ஒழிய, மேல்முறையீட்டுக்கான 14 நாள் முடியும்வரை காவல் தொடங்காது. நம் ஊரில் தண்டனை அனுபவித்து முடித்த பிறகு மனு எழுதுகிறோம், அங்கே மனு முடியும்வரை தண்டனை காத்திருக்கிறது. அமெரிக்காவிலும், கப்பலில் இருப்பவர்கள் தவிர மற்றவர்கள் கமாண்டரின் சிறு தண்டனையை மறுத்துக் கோர்ட் மார்ஷல் கேட்கலாம். இந்தியாவில் அந்தத் தேர்வு உரிமை அதிகாரிகளுக்குச் சில தண்டனைகளில் உண்டு. ஜவானுக்கு 80ஆவது பிரிவில் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

அமெரிக்காவின் கதை வேறு திசையிலிருந்து வந்தது. அங்கே கவலை, கமாண்டர்கள் அதிகமாகத் தண்டிக்கிறார்கள் என்பதைவிட, தண்டிக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள் என்பது. படைக்குள் பாலியல் வன்முறை வழக்குகள் கமாண்டர்களின் மேசையில் தேங்கிப் போவதாகப் பல ஆண்டுகள் குற்றச்சாட்டு இருந்தது. 2020இல் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் 20 வயது வீராங்கனை ஒருவர் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியது. 2021 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கொலை, பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்ற குற்றங்களில் வழக்குத் தொடரும் முடிவு கமாண்டரிடமிருந்து தனிச் சிறப்பு வழக்குரைஞர் அலுவலகங்களுக்குப் போனது.

இது நமக்கு அன்னியமான கவலை இல்லை. இராணுவச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, ஒரே குற்றத்தைப் பொது நீதிமன்றமும் கோர்ட் மார்ஷலும் விசாரிக்கலாம் என்றால், எங்கே என்பதை முதலில் முடிவு செய்யும் உரிமையை இராணுவக் கமாண்டருக்குக் கொடுக்கிறது. 2000ஆம் ஆண்டு காஷ்மீரின் பத்ரிபலில் 5 பேர் கொல்லப்பட்டதில், அது போலி மோதல் என்று சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை போட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை இராணுவத்திடம் விட்டது. இராணுவம் வழக்கைத் தானே எடுத்துக்கொண்டது. 2014 ஜனவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்து வைத்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்பதை எந்த நீதிமன்றமும் வெளிச்சத்தில் விசாரிக்கவே இல்லை. ஒரே அதிகாரம்தான் ஒருபக்கம் சாப்பாடு மறுத்த ஜவானுக்கு ஓராண்டு சிறையாகவும், இன்னொரு பக்கம் 5 பேர் சாவுக்குக் கோப்பு மூடலாகவும் முடிந்திருக்கிறது. தனி வழக்குரைஞர் இருந்தால் இரண்டாவதற்குத்தான் பெரிய பலன். முதலாவதற்கு அது போதாது, ஏனென்றால் சிறு தண்டனைகள் வழக்குரைஞர் வரை போவதே இல்லை.

ஜெர்மனி பழைய அனுபவத்தால் சுடப்பட்ட நாடு. நாஜிக் காலத்து இராணுவ நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கான தம் சொந்த வீரர்களையே சுட்டுக் கொன்றன. அதனால் போருக்குப் பிறகு புதிய படை அமைத்தபோது இராணுவக் குற்ற நீதிமன்றமே வைக்கவில்லை. வீரர் குற்றம் செய்தால் ஊர்க்காரர் எல்லோருக்கும் உள்ள அதே வழக்குரைஞர், அதே நீதிமன்றம். வெளிநாட்டுப் பணியில் நடந்தால் 2013 முதல் கெம்ப்டன் நகரத்து நீதிமன்றம். ஒழுங்கு மீறல் மேலதிகாரியிடம் இருக்கிறது, ஆனால் எத்தனை கட்டுப்பாடு! தப்பு தெரிந்த பிறகு ஓர் இரவு கழியாமல் தண்டனை கொடுக்கக் கூடாது. கோபம் ஆறட்டும் என்பதற்காகத்தான். வீரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதியின் கருத்தைக் கேட்க வேண்டும். ஒழுங்குக் காவலில் அடைப்பதென்றால் அதிகபட்சம் மூன்று வாரம், அதற்கும் முன்கூட்டியே படைப்பணி நீதிமன்றத்தின் நீதிபதி சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் போக, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆணையர் இருக்கிறார். எந்தச் சிப்பாயும் தன் மேலதிகாரி யாரையும் தாண்டி நேராக அவருக்கு எழுதலாம்.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து நடலாமா? குற்றங்களைப் பொது நீதிமன்றத்துக்கு முழுவதும் அனுப்பும் பகுதி நமக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். லடாக்கில் பணியில் இருக்கும் ஜவான் மேல் திருட்டு வழக்கு என்றால், பக்கத்து மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக வருடக்கணக்கில் இழுக்கும், யூனிட் அதற்குள் ராஜஸ்தானுக்கு மாறியிருக்கும். சாட்சிகள் நாலு மாநிலத்தில். ஜவானுக்கே அது நல்லதில்லை. ஆனால் படைக்கு வெளியே இருக்கும் குடிமக்களுக்கு எதிரான கொலை, பாலியல் வன்முறை வேறு. அமைதிப் பகுதிகளில் அவை ஏற்கெனவே கோர்ட் மார்ஷலுக்கு வெளியேதான் இருக்கின்றன. அந்த விதிவிலக்கைக் களப்பணிப் பகுதிகளுக்கும் நீட்ட வேண்டும்.

ஜெர்மனியிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த முன்கையெழுத்தும் அந்த ஓர் இரவும்தான். செலவும் அதிகம் இல்லை. படையில் சட்டம் படித்த ஜட்ஜ் அட்வகேட் அதிகாரிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் இப்போது, படையின் ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் அட்ஜுடன்ட் ஜெனரலின் கீழ், அதே படிநிலைக்குள் இருக்கிறார்கள் என்பதுதான் குறை. அவர்களில் ஒரு பகுதியினரைக் கமாண்டர்களின் மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து பிரித்து, யாரையாவது அடைக்க வேண்டுமானால் இவர் ஒரு நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று வைக்கலாம். தொலைதூர நிலைகளுக்கும் இன்று வீடியோ இணைப்பு போகிறது. போர்க்களத்தில், உண்மையான களப்பணியில், கமாண்டருக்கு விதிவிலக்கு இருக்கட்டும். ஆனால் பெங்களூரிலோ ஜபல்பூரிலோ வெலிங்டனிலோ அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? அங்கே பணிநீக்கம் தேவைப்படும் அளவுக்குத் தப்பு என்றால் குறைந்தது மூன்று அதிகாரிகள் உட்காரும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் இருக்கிறதே. ஒழுங்கு கெட்டுவிடும் என்று பயப்படுபவர்களுக்குக் கனடாவைக் காட்டலாம். 2022 ஜூனிலிருந்து அங்கே கமாண்டர் நடத்தும் சிறு விசாரணையில் காவலில் அடைக்கும் தண்டனையே கிடையாது. அடைக்க வேண்டுமானால் இராணுவ நீதிபதி முன் போக வேண்டும்.

ஆக, எனக்கு ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சிறு தண்டனைக்கு ஜெர்மனி, கடுங்குற்றத்துக்குப் பிரிட்டன் என்று கலந்துதான் சொல்வேன். தீர்ப்பாயம் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பதுதான் மூன்றிலும் பலவீனமான வழி. தீர்ப்பாயத்தைச் சட்ட அமைச்சகத்துக்கு மாற்றுவது, காலியிடம் நிரப்புவது எல்லாம் நல்லதே. ஆனால் ஜவான் 28 நாள் உள்ளே இருந்து வெளியே வந்த பிறகு எவ்வளவு நல்ல தீர்ப்பாயம் இருந்தும் அந்த 28 நாளைத் திருப்பித் தராது.

இதைப் பேச இப்போது நேரம் வந்திருக்கிறது. முப்படைகளையும் கூட்டுக் கட்டளைகளாக இணைக்கும் ஏற்பாடு நடக்கிறது. அதற்காக 2023இல் ஒரு சட்டம் வந்து 2024 மே 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூட்டு அமைப்பின் தலைவர் எந்தப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும், தன் கீழ் இருக்கும் மற்ற இரு படையினர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அது அதிகாரம் கொடுத்தது. நிர்வாகத்துக்கு அது தேவைதான். ஆனால் தண்டிக்கும் கை நீண்ட அளவுக்குப் பார்க்கும் கண் கூடவில்லை, அந்தச் சட்டத்தில் வெளிக் கண்காணிப்பு பற்றி ஒரு பிரிவும் புதிதாக வரவில்லை. மூன்று படைச் சட்டங்களும் ஒருநாள் ஒன்றாக எழுதப்படும்போது, விமானப்படையில் இல்லாத ஒரே ஆள் நீதிமன்றம் புதிய சட்டத்துக்குள் வரக் கூடாது. அதுவரை காத்திருக்காமல் நாடாளுமன்றம் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: தீர்ப்பாயச் சட்டத்தின் வரையறையில் இருக்கும் அந்த ‘மூன்று மாதத்துக்கு மேல்’ என்ற வரம்பை நீக்கி, 80ஆவது பிரிவின் காவல் தண்டனையையும் உள்ளே சேர்த்து, மேல்முறையீட்டு மனு போட்டால் தண்டனை நிற்கும் என்று ஒரு வரி எழுதுவது.